ஏழு மூலிகைகள், ஒரே ஒரு எடை: சினைப்பை நோய்களுக்கான சாற்றுக் கேப்சூல் பற்றிய மதிப்பீடு

நான் இங்கே மதிப்பிட எடுத்துக்கொண்டிருப்பது, சினைப்பை நோய்களுக்கென்று விற்கப்படும் ஒரு மூலிகைச் சாற்றுக் கேப்சூல். ஒரு குப்பியில் 120 கேப்சூல்கள் இருக்கின்றன. காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று எடுத்துக்கொண்டால் சரியாக ஒரு மாதத்துக்கு வரும். ஒவ்வொரு கேப்சூலிலும் ஏழு மூலிகைகளின் சாறு மொத்தம் 500 மி.கி. இருப்பதாக உறையில் அச்சிட்டிருக்கிறார்கள். இலவங்கப்பட்டை, வெந்தயம், மரமஞ்சள், அதிமதுரம், தண்ணீர்விட்டான் கிழங்கு, அசோகப்பட்டை, கழற்சிக்காய் என்பவை அந்த ஏழு. தாவரவியல் பெயர்களையும் பிழையில்லாமல் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் எந்த மூலிகை எத்தனை மில்லிகிராம் என்பது உறையில் இல்லை, உள்ளே மடித்து வைத்த தாளிலும் இல்லை, நிறுவனத்தின் இணையப் பக்கத்திலும் இல்லை. இந்த மதிப்பீட்டில் நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விடுபடலிலிருந்து முளைத்தவை. இதே விடுபடல் இந்த வகைக் கேப்சூல்கள் பலவற்றிலும் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமலே எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சிறிது சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பின்னால் வரும் எண்களுக்குப் பொருள் இருக்காது. எனக்கு வயது 31. பி.சி.ஓ.எஸ். (பாலிசிஸ்டிக் ஓவரி சின்ட்ரோம் என்ற சினைப்பைக் கோளாறு) என்று உறுதிசெய்யப்பட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மாதவிடாய் 45 நாளிலிருந்து 70 நாள் வரை தள்ளிப்போகும். முகவாயில் முடி வளரும். வேறு எந்த மருந்தும் எடுத்துக்கொள்ளாத ஒரு காலத்தில், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, இரத்தப் பரிசோதனை செய்து எண்களைக் குறித்துக்கொண்டு, ஆறு மாதம் எடுப்பது என்ற திட்டத்தோடு இதைத் தொடங்கினேன். ஐந்தாம் மாதத்தின் நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உறையில் உள்ள வாக்குறுதியைப் பார்க்கலாம். ‘நீர்க்கட்டி, சாக்லேட் கட்டி, சினைப்பையின் எல்லா வகைக் கட்டிகளுக்கும்’ என்று இருக்கிறது. ஒரு நோயாளியாக நான் இந்த வரியைப் படித்தபோது ஆறுதலாக இருந்தது. நோய்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவளாக மீண்டும் படித்தபோது, இதை எழுதியவர் ஒரு கணம் நின்று யோசித்திருப்பாரா என்ற ஐயம் எழுந்தது. பி.சி.ஓ.எஸ். உள்ளவருக்கு முதன்மையான சிக்கல் கருமுட்டை ஒழுங்காக வெளிவராமை. இன்சுலின் மிகுந்து சுரப்பதும், அதன் தூண்டுதலால் சினைப்பை ஆண் இயக்குநீர்களை (ஹார்மோன்களை) அளவுக்கு மேல் உண்டாக்குவதும் அதன் பின்னணியில் இருக்கின்றன. ஆகவே, கருமுட்டை வெளியேறும்படி செய்வது அங்கே நற்பலன். சாக்லேட் கட்டி என்பது எண்டோமெட்ரியோசிஸ் நோயின் ஒரு வடிவம். கருப்பையின் உள்வரிச் சவ்வைப் போன்ற திசு சினைப்பையில் வளர்ந்து, பழைய இரத்தம் அங்கே தேங்குவதால் உண்டாவது. ஈஸ்ட்ரோஜன் அதற்குத் தீனி. எனவே அதற்கான இயக்குநீர் மருந்துகளில் பெரும்பாலானவை கருமுட்டை வெளியேற்றத்தை அடக்கும் திசையில் செயல்படுகின்றன. ஒரு நோய்க்கு எதைத் தூண்ட வேண்டுமோ அதையே மற்றொரு நோய்க்கு அடக்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே கேப்சூல் குணமாக்குகிறது என்றால், தன்னை விழுங்கியவருக்கு எந்த நோய் என்று அந்தக் கேப்சூலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

‘நீர்க்கட்டி’ என்ற சொல்லும் ஒரு குழப்பம். பி.சி.ஓ.எஸ். ஸ்கேனில் தெரியும் சிறு வட்டங்கள் உண்மையில் கட்டிகளே அல்ல. 2 முதல் 9 மி.மீ. அளவில் வளர்ச்சி தடைபட்டு நிற்கும் கருமுட்டைப் பைகள் அவை. 1935இல் ஸ்டெயின், லெவெந்தால் என்ற இரு சிகாகோ மருத்துவர்கள் இந்த நிலையை விவரித்த நாளிலிருந்து கட்டி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 2003இல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோலின்படி, மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் இயக்குநீர் மிகை, ஸ்கேனில் தெரியும் பல பைகள் என்ற மூன்றில் ஏதேனும் இரண்டு இருந்தாலே போதும். அதாவது ஸ்கேனில் ஒன்றுமே தெரியாமலும் ஒருவருக்கு இந்த நோய் இருக்கலாம். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ‘முன்’, ‘பின்’ என்று இரண்டிரண்டாக ஸ்கேன் படங்களை வைத்துக் கட்டி கரைந்துவிட்டதாகக் காட்டியிருக்கிறார்கள். அவற்றில் சில, ஒற்றைப் பெரிய நீர்க்கட்டியின் படங்கள். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு வரும் 5 செ.மீ.க்குக் குறைவான எளிய நீர்க்கட்டிகள் பெரும்பாலும் மூன்று மாதவிடாய்ச் சுழற்சிகளுக்குள் தாமாகவே மறைந்துவிடும். மூன்று மாதம் வெறும் தண்ணீரைக் குடித்திருந்தாலும் அந்தப் ‘பின்’ படம் அப்படியேதான் வந்திருக்கும்.

இனி உள்ளே இருப்பவற்றுக்கு வருகிறேன். இந்த ஏழு மூலிகைகளையும் வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. சிலவற்றுக்கு மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் உண்டு. சிறியவைதான், ஆனாலும் உண்டு. இலவங்கப்பட்டையை எடுத்துக்கொள்வோம். 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பி.சி.ஓ.எஸ். உள்ள 45 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு நாளுக்கு 1.5 கிராம் இலவங்கப்பட்டையும் மற்றவருக்குப் போலி மாத்திரையும் ஆறு மாதம் கொடுத்தார்கள். இலவங்கப்பட்டை எடுத்தவர்களுக்கு மாதவிடாய் அடிக்கடி வந்தது. ஆனால் இன்சுலின் எதிர்ப்பும் ஆண் இயக்குநீர் அளவும் மாறவில்லை. தொடங்கிய 45 பேரில் ஆறு மாதமும் நிலைத்தவர்கள் 17 பேர்தான் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். இப்போது கேப்சூலின் கணக்கைப் பாருங்கள். நாளுக்கு நான்கு கேப்சூல் என்றால் மொத்தச் சாறு 2 கிராம். ஏழு மூலிகைகளுக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒன்றுக்கு ஏறத்தாழ 285 மி.கி. ஆய்வில் கொடுத்த 1.5 கிராமுக்கு அருகில்கூட இது வரவில்லை. ‘அது தூள், எங்களுடையது செறிவான சாறு’ என்று நிறுவனம் பதில் சொல்லலாம். எத்தனை மடங்கு செறிவு, எந்தக் கரைப்பானில் எடுத்தது என்று சொல்லியிருந்தால் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டிருப்பேன்.

கரைப்பான் என்பது பொடி எழுத்தில் ஒதுக்கிவிடக்கூடிய செய்தி அல்ல. ஒரே வேரைத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் ஒரு தொகுதி வேதிப்பொருள்கள் இறங்கும். சாராயத்தில் ஊற வைத்தால் வேறொரு தொகுதி இறங்கும். சில உறைகளில் காணப்படும் ‘10:1’ என்ற குறிப்புக்குப் பத்துக் கிலோ மூலிகையிலிருந்து ஒரு கிலோ சாறு கிடைத்தது என்பதுதான் பொருளே தவிர, வேலை செய்யும் பொருள் பத்து மடங்கு கூடியது என்பது பொருளல்ல. அது கூடியும் இருக்கலாம், கொதிகலத்திலேயே அழிந்தும் போயிருக்கலாம். ஆகையால்தான் ஒழுங்காகச் செய்பவர்கள், சாற்றில் குறிப்பிட்ட ஒரு வேதிப்பொருள் இத்தனை விழுக்காடு இருக்கிறது என்று அளந்து எழுதுகிறார்கள். மரமஞ்சள் என்றால் பெர்பெரின் எத்தனை, அதிமதுரம் என்றால் கிளிசிரைசின் எத்தனை என்று சொல்ல வேண்டும். இந்தக் குப்பியில் அப்படி ஓர் எண்கூட இல்லை.

ஏழில் ஆய்வுகள் மிகுதியாக உள்ளது மரமஞ்சள், சரியாகச் சொன்னால் அதிலுள்ள பெர்பெரின். சீனாவில் 644 பெண்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கருமுட்டையை வெளிவரச் செய்யும் லெட்ரோசோல் என்ற மருந்து, ஒரு பிரிவினருக்குப் பெர்பெரின், ஒரு பிரிவினருக்கு இரண்டும் கொடுத்து ஆறு மாதம் பார்த்த ஆய்வு 2016இல் வெளியானது. இந்தத் துறையில் இவ்வளவு பெரிய ஆய்வுகள் அரிது. குழந்தைப் பேறு லெட்ரோசோல் எடுத்தவர்களில் 36 விழுக்காடு, இரண்டையும் எடுத்தவர்களில் 34 விழுக்காடு, பெர்பெரின் மட்டும் எடுத்தவர்களில் 22 விழுக்காடு. வழக்கமான மருந்தைவிடப் பெர்பெரின் பின்தங்கியது. அந்த மருந்தோடு சேர்த்தபோதும் கூடுதல் பயன் தரவில்லை. நாளுக்கு 1.5 கிராம் தூய பெர்பெரின் கொடுத்துக் கிடைத்த முடிவு இது. குப்பியோடு வந்த தாளில் பெர்பெரினின் பெருமை இரண்டு பத்திகளுக்கு நீள்கிறது. இந்த ஆய்வைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அந்தத் தாள் பெரிதும் சார்ந்திருப்பது எலிகளை. பெண் எலிகளுக்கு 21 நாள் லெட்ரோசோல் கொடுத்து அவற்றின் சினைப்பையைப் பி.சி.ஓ.எஸ். போன்ற நிலைக்குக் கொண்டுவந்து, பிறகு மூலிகைச் சாறு கொடுத்துத் தேறுகிறதா என்று பார்க்கும் முறை ஆய்வுக்கூடங்களில் பரவலானது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எலிக்கு நோயை வருவிக்கப் பயன்படும் அதே லெட்ரோசோல்தான், பி.சி.ஓ.எஸ். காரணமாகக் கருத்தரிக்க இயலாத பெண்களுக்குக் கருமுட்டையை வெளிவரச் செய்ய இன்று முதலில் பரிந்துரைக்கப்படும் மருந்து. 2014இல் 750 பெண்களிடம் செய்த அமெரிக்க ஆய்வில் அது பழைய மருந்தான குளோமிஃபீனை முந்தியது. குழந்தைப் பேறு 27.5 விழுக்காடு, குளோமிஃபீனுக்கு 19.1. இரண்டிலும் அளவும் கால நீட்சியும் வேறு என்பதால் இது முரண்பாடு ஆகாது. ஆனால் நான்கைந்து நாளில் சுழற்சி முடிந்துவிடும் ஒரு விலங்கில், செயற்கையாக உண்டாக்கிய நிலை சாற்றால் சரியானது என்பதை, ஆண்டுக்கணக்கில் வளர்ந்த ஒரு பெண்ணின் நோய்க்கு நேரே சான்றாக வைப்பதற்கு முன் எத்தனை படிகள் ஏற வேண்டியிருக்கிறது என்பதை அந்த லெட்ரோசோலே காட்டிவிடுகிறது.

வெந்தயத்துக்கும் மனித ஆய்வுகள் உண்டு. அவற்றில் விளம்பரங்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது, ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மாத்திரைப் பிரிவே இல்லாமல் 50 பெண்களுக்கு 90 நாள் கொடுத்துப் பார்த்தது. தாமாகவே மறையக்கூடிய கட்டிகளைப் பற்றி மேலே சொன்னேன். ஒப்பீடு இல்லாத ஆய்வில் அவையும் மருந்தின் கணக்கில் வரவாகிவிடும். தண்ணீர்விட்டான் கிழங்கையும் கழற்சிக்காயையும் பற்றி நெடிய வழக்கு இருக்கிறது. அளவு சொல்லிப் பரிந்துரைக்கும்படியான மனித ஆய்வு எதையும் இந்த நிறுவனம் காட்டவில்லை. அசோகப்பட்டையில் வேறொரு தொல்லை. நெட்டிலிங்கத்தையே அசோகமரம் என்று அழைக்கும் பழக்கம் பரவலாக இருப்பதாலும், உண்மையான அசோகம் அரிதாகிவிட்டதாலும், நெட்டிலிங்கத்தின் பட்டை அசோகப்பட்டையாகச் சந்தைக்கு வருவது மூலிகை வணிகத்தில் நன்கு அறியப்பட்ட கலப்படம். உறையில் தாவரவியல் பெயரைச் சரியாக அச்சிடுவதால் மட்டும் உள்ளே இருப்பது அதுவாகிவிடாது. எப்படி அடையாளம் கண்டார்கள் என்றும் சொல்ல வேண்டும்.

ஐந்து மாதத்தில் எனக்கு என்ன நடந்தது என்று இப்போது சொல்கிறேன். முதல் இரண்டு மாதம் எந்த மாற்றமும் இல்லை. வயிறு சற்றுப் பொருமியது, இரவில் எடுப்பதை உணவுக்குப் பின் என்று மாற்றியதும் அது நின்றது. மூன்றாம் மாதத்திலிருந்து மாதவிடாய் 38 நாளிலும், பிறகு 41 நாளிலும் வந்தது. எனக்கு இது நல்ல மாற்றம். இது கேப்சூலால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அதே காலத்தில் நாள்தோறும் நாற்பது நிமிடம் நடக்கத் தொடங்கியிருந்தேன், மூன்று கிலோ எடையும் குறைந்திருந்தது. பி.சி.ஓ.எஸ். உள்ளவருக்கு எடையில் சிறிது குறைந்தாலே சுழற்சி சீராவது உண்டு. ஆண் இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோன் 68இலிருந்து 61ஆகக் குறைந்தது. இரு வேறு நாளில் அளந்தால் வரக்கூடிய வேறுபாடுதான் அது. முகவாய் முடியில் எந்த வேறுபாடும் இல்லை, இதை நான் எதிர்பார்த்தே இருந்தேன். புதினா வகைத் தேநீரை 30 நாள் குடிக்கச் செய்த ஓர் ஆய்வில் 42 பெண்கள் பங்கேற்றார்கள். இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது, ஆனால் மருத்துவர் அளந்த முடியின் அளவு குறையவில்லை. முடி வளர்ந்து உதிரும் சுழற்சி அத்தனை நீளமானது. இரத்தத்தில் இறங்கும் எண்ணும் கண்ணாடியில் தெரியும் மாற்றமும் வெவ்வேறு நாட்காட்டிகளில் நடக்கின்றன.

ஐந்தாம் மாதத்தில் மாலை நேரங்களில் கணுக்கால் வீங்கத் தொடங்கியது, தலை கனத்தது. வேறொரு காரணத்துக்காக மருத்துவரிடம் போனபோது இரத்த அழுத்தம் 144/92 இருந்தது. தொடங்கும்போது நான் குறித்து வைத்தது 116/74. இரத்தத்தில் பொட்டாசியம் 4.1இலிருந்து 3.2க்கு இறங்கியிருந்தது. எடுத்துக்கொள்ளும் பொருள்களின் பட்டியலைக் கேட்ட மருத்துவர், குப்பியை வாங்கித் திருப்பிப் பார்த்து, நான்காவது பெயரில் விரலை வைத்தார்: அதிமதுரம். அதிலுள்ள கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்டிசால் என்ற இயக்குநீரைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. செயலிழக்காத கார்டிசால், உப்பைப் பிடித்து வைக்கும் இயக்குநீரான ஆல்டோஸ்டிரோன் செய்யும் வேலையைத் தானே செய்யத் தொடங்குகிறது. உடல் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. இந்த வழிமுறை பல ஆண்டுகளாகவே தெளிவாகத் தெரிந்த ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு நாளொன்றுக்குக் கிளிசிரைசின் 100 மி.கி.யைத் தாண்ட வேண்டாம் என்று 2003இல் அறிவுறுத்தியிருக்கிறது. நான் நாளொன்றுக்கு எத்தனை மில்லிகிராம் எடுத்துக்கொண்டிருந்தேன் என்று மருத்துவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை; குப்பியிடமும் இல்லை. நிறுத்திய நான்கு வாரத்தில் அழுத்தம் 122/78க்கு வந்தது, வீக்கம் போயிற்று.

இதில் எனக்கு எரிச்சலூட்டுவது என்னவென்றால், அதிமதுரத்தைச் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது என்பதுதான். இத்தாலியில் நலமான ஒன்பது பெண்களுக்கு நாளுக்கு 3.5 கிராம் அதிமதுரத் தயாரிப்பை இரண்டு சுழற்சிகள் கொடுத்தபோது, டெஸ்டோஸ்டிரோன் 27.8இலிருந்து 19.0க்கும் பிறகு 17.5க்கும் இறங்கியது, நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பியது. 2004இல் வெளியான ஆய்வு அது. ஒன்பது பேர்தான், நோய் இல்லாதவர்கள்தான். இருந்தாலும் இந்த வேருக்கு உடலில் வேலை செய்யும் ஆற்றல் இருப்பது உண்மை. வேலை செய்யும் ஒரு பொருளை, அளவு சொல்லாமல், ஆறு பெயர்களுக்கு நடுவில் வைத்து, ‘இயற்கையானது, பக்க விளைவு அற்றது’ என்று உறையில் எழுதியிருக்கிறார்கள். வேலை செய்யாத பொருளாக இருந்திருந்தால் எனக்குப் பணம் மட்டும் நட்டமாகியிருக்கும்.

பெர்பெரினிலும் இதே போன்ற ஒரு குழி இருக்கிறது, இதைவிட ஆழமானது. பிறந்த குழந்தைகளின் இரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியை, அதைப் பிடித்து வைத்திருக்கும் புரதத்திலிருந்து விடுவித்து மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கக்கூடியது என்பதால், கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் பெர்பெரினைத் தவிர்க்க வேண்டும். ‘கர்ப்பிணிகள் ஆலோசனை பெற்று எடுத்துக்கொள்ளவும்’ என்று உறையில் ஒரு வரி இருக்கிறது. இந்தக் கேப்சூலை வாங்குபவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். குழந்தை வேண்டும் என்று காத்திருப்பவர். 60 நாள் மாதவிடாய் வராமலிருப்பது அவருக்கு வழக்கம். தாம் கருவுற்றிருப்பதை அறிய மற்றவர்களைவிட அவருக்குக் கூடுதல் நாள் ஆகும். கேப்சூல் வாக்களித்தபடியே பலித்துவிட்டால், அந்தப் பலன் கிடைத்த நாளிலிருந்து அவர் அறியாமலே கருவோடு சேர்த்துப் பெர்பெரினையும் சுமந்துகொண்டிருப்பார். இந்த ஒரு வாங்குநருக்காகவாவது அந்த எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில், முகப்பில் போட்டிருக்க வேண்டும்.

உறையில் ‘எல்லா வகைக் கட்டிகளும்’ என்ற சொற்களுக்குள் புற்றுநோயும் அடங்கும் என்று எண்ணி வாங்குபவர்கள் இருக்கக்கூடும். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில், சினைப்பைப் புற்றுச் செல்களை அழிப்பதாகத் தட்டில் வளர்த்த செல்களிடம் செய்த ஆய்வுகளை எடுத்துப் போட்டிருப்பது அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்கிறது. தட்டில் ஊற்றும் செறிவு வாய்வழியாக விழுங்கிய சாற்றிலிருந்து இரத்தத்தில் ஏறும் செறிவைவிடப் பல மடங்கு மிகுதியாக இருப்பது இத்தகைய ஆய்வுகளில் வழக்கம். செடியிலிருந்து சினைப்பைப் புற்றுக்கு மருந்தே வராது என்று நான் சொல்லவில்லை. வந்திருக்கிறது, அதுவும் அந்த நோய்க்கான சிகிச்சையின் நடுத்தூணாகவே. 1962இல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் யூ என்ற மரத்தின் பட்டையைச் சேகரித்தார்கள். வால், வானி என்ற வேதியியலாளர்களின் குழு அதிலிருந்து பாக்லிடாக்சல் என்ற மருந்துப் பொருளைப் பிரித்து 1971இல் அதன் கட்டமைப்பை வெளியிட்டது. செல் பிரியும்போது உருவாகும் நுண்குழாய்களைக் கலையவிடாமல் இறுக்கிப் பிடித்து அது புற்றுச் செல்லை நிறுத்துகிறது என்று 1979இல் சூசன் ஹார்விட்ஸ் காட்டினார். 1992இல் சினைப்பைப் புற்றுக்கு அது அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும் என்பதால், ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலைகளில் கிடைக்கும் ஒரு மூலப்பொருளிலிருந்து அதைச் செய்யும் வழியைப் பின்னர் கண்டார்கள். சீன மரம் ஒன்றிலிருந்து வந்த காம்ப்டோதெசின் என்ற வேதிப்பொருளைத் திருத்தி உருவாக்கிய டோபோடெகான் 1996இல் இதே நோய்க்கு ஒப்புதல் பெற்றது.

இந்த வரலாற்றை அந்த இணையப் பக்கமும் இரண்டு வரியில் சொல்கிறது, ‘புற்றுநோய் மருந்தே மரத்திலிருந்துதான் வந்தது’ என்று. சொல்லாமல் விடுவது, பட்டைக்கும் மருந்துக்கும் நடுவில் கழிந்த முப்பது ஆண்டுகளை. யூ மரத்தின் இலையை அப்படியே உண்டால் அதிலுள்ள டாக்சின் என்ற வேறொரு நஞ்சு இதயத்தை நிறுத்திவிடும். பாக்லிடாக்சலோ, உடலின் பரப்பளவைக் கணக்கிட்டு, சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளந்து, சிரை வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றப்படுவது. ஒரே மரத்தின் நஞ்சையும் மருந்தையும் பிரித்தது அந்த அளவீடுதான். நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மினின் கதையும் இதற்கு நெருங்கியதே. கலேகா என்ற செடியில் உள்ள கலேஜின் சர்க்கரையைக் குறைத்தாலும் நச்சுத்தன்மை கொண்டிருந்தது. அதன் வேதி உறவுகளைத் துருவிச் சென்ற வழியில் கிடைத்த மெட்ஃபார்மினை 1957இல் ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் நீரிழிவுக்குப் பயன்படுத்தி எழுதினார். இன்று பி.சி.ஓ.எஸ். உள்ள பலர் விழுங்கும் மாத்திரை அது. செடியின் வழித்தோன்றல்தான், ஆனால் குப்பியைப் புரட்டினால் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கும்.

கீமோ சிகிச்சை பெறுபவர்கள் இதைச் சேர்த்து எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை உறை சொல்லாததால் நான் சொல்லிவிடுகிறேன். கல்லீரலில் பாக்லிடாக்சலைச் சிதைக்கும் நொதிகளில் ஒன்றைப் பெர்பெரின் தடுக்கக்கூடியது. அளந்து ஏற்றிய மருந்து அளவு மீறி உடலில் தங்க அது வழிவகுக்கலாம்.

நிறுவனத்தின் சேவையைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் உண்டு. தொடங்கும் முன்பே, என் குப்பியின் தொகுதி எண்ணைக் குறிப்பிட்டுக் கன உலோகப் பரிசோதனை அறிக்கை கேட்டு எழுதினேன். மூன்று நாளில் அனுப்பிவிட்டார்கள். ஈயம், பாதரசம், ஆர்செனிக், காட்மியம் நான்குக்கும் எண்கள் இருந்தன, எல்லாம் வரம்புக்குள் இருந்தன. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ கண்டுபிடிக்கப்பட்டது. ஆகையால் இந்த அறிக்கையை நான் சிறிதாக எண்ணவில்லை. நிறுத்திய பிறகு இரண்டாவதாக எழுதிய கடிதத்தில், எனக்கு நேர்ந்ததைச் சொல்லி, அதிமதுரத்தின் அளவையும் கிளிசிரைசின் நீக்கப்பட்டதா என்பதையும் கேட்டேன். விகிதம் தங்கள் தொழில் இரகசியம் என்று பதில் வந்தது. அடுத்த குப்பிக்குத் தள்ளுபடி தருவதாகவும் சேர்த்திருந்தார்கள். மருத்துவர் எழுதிய குறிப்பை இணைத்து மூன்றாம் முறை எழுதியதற்கு இதுவரை பதில் இல்லை.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்று, கேட்டவுடன் வந்த உலோக அறிக்கைக்கு. மற்றொன்று, ஏழு மூலிகைகளில் குறைந்தது மூன்றுக்குக் கவனிக்கத் தகுந்த ஆய்வுகள் உள்ளன என்பதற்கு. இலவங்கப்பட்டையையோ பெர்பெரினையோ தனியாக, அளவு தெரிந்து, இரத்த அழுத்தத்தையும் கல்லீரலையும் பார்த்துக்கொண்டு முயன்று பார்க்க விரும்பும் ஒருவரை நான் தடுக்க மாட்டேன். நானே அடுத்து அப்படித்தான் செய்யவிருக்கிறேன். இந்தக் கலவையை மீண்டும் வாங்க மாட்டேன். திறக்காத ஒரு குப்பி மீதம் இருக்கிறது. தோழி ஒருத்தி கேட்டாள். அவளுக்கு ஏற்கெனவே இரத்த அழுத்தம் உண்டு என்பதால் கொடுக்கவில்லை.